ஆறடி ஆழத்தில் கடித்தது

ஏப்ரல் 12
ஓவாஹி நீர்த்தேக்கத்தில் பனிக்கட்டி முழுவதும் போய்விட்டது. தூண்டில் இரைக்கடை வைத்திருக்கும் ட்வைலா தொலைபேசியில் சொன்னாள். “பெரியவரே, வால்ஐ மீன் முட்டைபோடக் கரைக்கு ஏற ஆரம்பிச்சிருச்சு. படகு ஓடுதா, இல்ல எலி குடியிருக்கா?”
இரண்டும்தான்.

ஏப்ரல் 14
படகு இறக்கும் சரிவில் ஆரின் எனக்கு முன்னால் நின்றான். பேசவில்லை. நானும் பேசவில்லை. இருபது வருடம் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். பிறகு என் மனைவி மெர்னா அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். முன்னாள் மனைவி என்று எழுத வேண்டும். ஆறு வருடமாகியும் பேனா பழகவில்லை.
அவன் ட்ரெய்லரைக் கோணலாகவே பின்னால் விடுகிறான். எப்போதும் அப்படித்தான். சொல்ல ஆள் இல்லை.
நான்கு மீன், எல்லாம் சின்ன ஆண் மீன்கள்.

ஏப்ரல் 15
காற்று. போகவில்லை.

ஏப்ரல் 18
தெற்குக் காற்று மூன்று நாளாகக் கரையை அடித்து, வடக்கு ஓரத்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டது. கலங்கல் தண்ணீர்தான் சீக்கிரம் சூடாகும். மீன் அங்கேதான் வரும். இது எனக்குத் தெரியும், ஆரினுக்கும் தெரியும். ஆகவே இருவரும் ஒரே கரையோரம், அவரவர் படகில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

அலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் நங்கூரத்தைப் படகின் பின்பக்கம் கட்டியிருந்தான். பின்பக்கம் கட்டக் கூடாது, அலை ஏறிவிடும். சொல்லலாமா? நமக்கென்ன என்று இருந்தேன். அப்போது என் தூண்டிலில் ஒன்று கடித்தது. கனமானது. சினை மீனாக இருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தால் அவன் படகு குப்புறக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு தலை.

மீனோடு நூலை அறுத்தேன். எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

கை எட்டும் தூரம் போனதும் கண்ணைத் திறந்தான்.
“நீயா?”
“வேற யாரும் இல்ல.”
கொஞ்சம் யோசித்தான். “சரி,” என்றான்.

அந்த உடம்பை என்னால் தூக்க முடியவில்லை. மிதவைச் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மோட்டாரை மெதுவாக ஓட்டிக் கரைக்கு இழுத்துவந்தேன். பாதி வழியில் அவன் நடுக்கம் நின்றது. அதுதான் மோசம், உடம்பு விறைக்கிறது என்று அர்த்தம். டேய், செத்துத் தொலையாதடா, அவகிட்ட போய் நான் என்னன்னு சொல்லுவேன் – வாய்விட்டே கத்தினேன் போலிருக்கிறது.

என் வண்டியில் ஹீட்டரை முழுதாக வைத்து, ஈரத்தை உருவிப்போட்டு, என் கோட்டைப் போர்த்தினேன். மருத்துவமனைக்குப் போகும் வழியில் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். நல்லது.
“மெர்னாகிட்ட சொல்லாத,” என்றான்.
“கேட்டா சொல்லுவேன். மறைச்சு வச்சுப் பழக்கம் உனக்குத்தான்.”
ஊர் வந்ததும் கேட்டான்: “எத்தன அடில கடிச்சுது?”
“ஆறு.”
“நான் எட்டுல போட்டுக்கிட்டிருந்தேன்,” என்றான். அதில்தான் அவனுக்கு வருத்தம்.

ஏப்ரல் 19
தோள் வலி. தூக்கம் இல்லை. கோபமாக இருக்கவே பார்க்கிறேன், வரவில்லை.

ஏப்ரல் 22
மெர்னா வந்தாள். கோட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே நின்றாள்.
“விரலெல்லாம் சரியாயிருச்சு அவருக்கு. படகுதான் கெடைக்கல.”
“ம்.”
“நன்றி சொல்லத்தான் வந்தேன், வெர்லின்.”
“பெரிய மீனு. போயிருச்சு,” என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்? உள்ளே வா என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சிரித்தாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 26
இரைக்கடையில் ட்வைலா: “ஆரினு கரையில நின்னு தூண்டில் போடுறாராம். பாக்க நல்லாவே இல்ல.”
இரைக்குப் பொடிமீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழக்கத்தைவிட அதிகம் வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 27
போகும் வழியில் ஆரின் வீட்டு முன் நிறுத்தி ஹாரன் அடித்தேன். ஒருமுறைதான். காலுறையை மாட்டிக்கொண்டே வந்தான்.
மத்தியானம் வரை நாங்கள் பேசியது: “காத்து மாறுது,” “ஆமா.”
மெர்னா இரண்டு சாண்ட்விச் கட்டிக் கொடுத்திருந்தாள். அவனுடையதில் வெங்காயம் இருந்தது. என்னுடையதில் இல்லை. எனக்கு வெங்காயம் ஆகாது.
ஏழு மீன். பெரிய பெண் மீன் ஒன்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டோம்.