பெட்டியில்லாத ஸ்பீக்கர்

ஆவணி, கடைசி வெள்ளி

நான் தவில் கேட்டால் தன் வீட்டு யன்னல் அதிர்கிறது என்று பக்கத்து வீட்டு ரீச்சர் இரண்டு முறை வேலிக்கு வந்து சொல்லியிருந்தார். அதனால்தான் ஸ்பீக்கர்களைப் பெட்டியிலிருந்து கழற்றி வெறும் பலகையில் பொருத்தினேன். பெட்டி இல்லாவிட்டால் முன்னும் பின்னும் போகும் சத்தம் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தப் பக்கவாட்டை அவர் வீட்டுக்கு நேராக வைத்தேன்.

இன்று பின்னேரம் ஒரு மணித்தியாலமாகத் தவில் ஓடியது. என் நெஞ்சே அதிர்ந்தது. அப்போதுதான் ரீச்சர் வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொன்னதுக்குக் கோவிச்சுக்கொண்டோ இப்ப பாட்டுப் போடுறேல்லை? ஒருக்கால் போடும் பாப்பம்."

"ஓம் ரீச்சர்" என்றேன்.

உள்ளே போனேன். சத்தத்தைக் கூட்டவில்லை. பலகையை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன்.