பின்வரிசையின் ‘கூடாது’

வெஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
பிப்ரவரி 15, 2015, ஞாயிறு

வெண்டெலுக்கு,

நான், ஆரின், சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கொலீன் எழுதுகிறாள். நீ அங்கே ஃப்ளோரிடாவில் மகள் வீட்டு வாசலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தாலே எனக்குக் குளிர்கிறது. இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது.

மார்ச் முதல் செவ்வாய், ஊர்க்கூட்ட நாள், வருகிறது. இத்தனை காலம் நீ மேடையில் நின்று, ஒரு செருமல் செருமிவிட்டு, ‘சரிங்கிறவங்க?’ ‘கூடாதுங்கிறவங்க?’ என்று கேட்ட இடத்தில் இப்போது லைல் நடுவராக நிற்கிறான். நல்லவன்தான். ஆனால் காகிதத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

இந்த வருஷம் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, அச்சடித்த சீட்டில் குறி போட்டு, அன்றைக்குள் வசதிப்பட்ட நேரத்தில் பெட்டியில் போட வேண்டுமாம். கையெழுத்துச் சேர்த்துக் கொண்டுவந்தது யார் என்கிறாய்? இதை எழுதிக்கொண்டிருக்கிறவளேதான். “உனக்கு நாக்கு இல்லையா?” என்று கேட்டேன். “நாக்கு இருக்கு பெரியவரே, செவ்வாய்க்கிழமைதான் இல்ல. முதியோர் இல்லத்துல எனக்கு யாரு லீவு தரா?” என்கிறாள்.

எனக்கு எழுத்து கிடையாது. இது உனக்கும், என் மனைவி ஆர்டிஸுக்கும், இவளுக்கும் மட்டும் தெரிந்தது. ஆர்டிஸ் போய்ச் சேர்ந்துவிட்டாள், நீ தூரத்தில் இருக்கிறாய். சீட்டை இவள் வாசித்துக் காட்டுவாளாம். ஆளை வைத்து வாசிக்கச் சொல்லி வாக்குப் போடுகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்? இந்த ஊரில் எனக்கு இருப்பதெல்லாம் ஒரு குரல்தான் வெண்டெல். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

ஆரின்
(பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி அவர் போட்டது. மற்றது என் கையெழுத்து. கொலீன்.)


ஃப்ளோரிடா
பிப்ரவரி 25

அருமை ஆரின்,

உன் பெருக்கல் குறியைப் பார்த்ததும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது.

கொலீன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத கூட்டத்துக்கு ஊர்க்கூட்டம் என்று பெயர் வைக்கலாமா? நானே அங்கிருந்தால் மனசுக்குள் அவள் பக்கம்தான் நிற்பேன். சொல்லமாட்டேன், அவ்வளவுதான். நடுவர் வாக்குப் போடக் கூடாது. என் வாயிலிருந்து ஒரு ‘சரி’யோ ‘கூடாது’வோ நீ கேட்டதே இல்லை.

இங்கே நாள் முழுக்க டிவி. நேற்று ஒரு தலைவர், ‘பேசாத பெரும்பான்மை என் பக்கம்’ என்றார். அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சிக்காரரும் வந்து அதையே சொன்னார். தலைமை என்றால் என்ன ஆரின்? எதிர்த்துக் கத்தியவனின் முகத்தைப் பார்த்து ‘நீ தோத்துட்ட’ என்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாயங்காலமே அவன் வண்டி பனியில் சிக்கினால் போய்த் தள்ளவும் வேண்டும். இந்த டிவிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

உன் வெண்டெல்


வெஸ்ட் ஹார்லோ
மார்ச் 8, ஞாயிறு

வெண்டெலுக்கு,

உன் பேசாத பெரும்பான்மை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தேவாலயத்துக்குப் பின்னால் கல்லுக்கு அடியில் படுத்திருக்கிறது என்று எழுதிச் சிரிக்க நினைத்திருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

கேள். தீர்மானத்தை வாசித்து முடித்து லைல், “சரிங்கிறவங்க?” என்றான். கூடத்தில் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். தொலைந்தது என்று நினைத்தேன். “கூடாதுங்கிறவங்க?” என்றான். நானும் இன்னும் சில கிழங்களும் சொன்னோம். எங்களோடு சேர்ந்து பின்வரிசையிலிருந்து ஒரு ‘கூடாது’ எழுந்தது பார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லைல் தலையைத் தூக்காமலே, “கூடாதுதான் ஜெயிச்சிருக்கு” என்று சுத்தியலைத் தட்டினான்.

எனக்குக் கண்தான் மங்கல். படிக்காதவனுக்கு ஆளை அடையாளம் காட்டுவது குரல். அதிலே பெர்லி இருந்தான். எல்லோரும் முடித்த பிறகு ஒரு இழுப்பு இழுப்பானே, அதே இழுப்பு. ஹேசல் இருந்தாள், மேஜை இழுப்பறையை அடித்துச் சாத்துகிற மாதிரி. பெர்லியின் சவப்பெட்டியை நீயும் நானும் சேர்ந்துதான் தூக்கினோம், மறந்துவிடவில்லையே? அப்புறம் என் இடது காதோரம் ஒன்று. பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிற சின்னக் ‘கூடாது’. ஆர்டிஸ்.

யாராவது ஒருத்தர் எழுந்து ‘எண்ணிப் பாரு’ என்றிருந்தால் போதும், லைல் எல்லோரையும் நிற்கவைத்து எண்ணியாக வேண்டும். தோற்றவர்கள்கூட எழவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் அவித்த பீன்ஸும் பன்றித் தொடையும். எல்லோரும் பனியைப் பற்றியும் மேப்பிள் பாகைப் பற்றியும் உரக்கப் பேசினார்கள். லைலின் மனைவி மட்டும் கரண்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். அவள் பெர்லியின் மகள் அல்லவா?

எப்படியோ, என் குரல் பிழைத்தது. ஆர்டிஸும் வந்தாள். பயப்பட வேண்டியவன் சந்தோஷப்படுகிறேன்.

ஆரின்
(இது கொலீன்: செத்தவங்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்குது போல.)


ஃப்ளோரிடா
மார்ச் 20

அருமை ஆரின்,

உன் கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. என்னை இன்னொரு மாத்திரைக்காக டாக்டரிடம் அழைத்துப் போவாள்.

அந்தக் குரல்களை நான் கேட்டதில்லை என்றால் அது பொய். என் காலத்தில் ஒன்றோ இரண்டோ, மெல்லிசாக. எனக்கு முன் நடுவராக இருந்த கிழவர், சுத்தியலைக் கொடுக்கும்போதே சொன்னார்: “காதை நம்பாதே தம்பி. வாயைப் பாரு. அசையுற வாய்க்குத்தான் வாக்கு.” நான் செருமுவதே அதற்காகத்தான். செருமிவிட்டுத் தலையைத் தூக்கி, வரிசை வரிசையாக வாய்களைப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. லைலிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லாமலே வந்துவிட்டேன். நீ சொல்லிவிடு. அல்லது, இப்போது ஜெயித்தது உனக்குப் பிடித்திருந்தால், சொல்லாதே.

வெண்டெல்


வெஸ்ட் ஹார்லோ
ஜூன் 7, ஞாயிறு

வெண்டெலுக்கு,

போன மாதம் தீயணைப்பு வண்டிக்காகத் தனிக்கூட்டம் போட்டார்கள். பழைய வண்டியின் தண்ணீர் பம்பு மேட்டில் ஏறினால் மூச்சு விட்டுவிடுகிறது. புதிது வேண்டும். நானே ‘சரி’ என்றேன். எனக்குத் தெரிந்து உயிரோடிருப்பவர்களில் மாற்றிச் சொன்னவர் யாரும் இல்லை. ‘கூடாதுங்கிறவங்க’ என்று லைல் கேட்டதுதான் தாமதம், பின்வரிசை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது. மார்ச்சை விடப் பலமாக. சுத்தியல் விழுந்தது. வண்டி கிடையாது.

உயிரோடு இருந்தபோது வரி ஏறக் கூடாது என்று சொன்னவர்கள். இப்போது வரியும் இல்லை, கூரையும் இல்லை, எரிவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. இருந்தும் கூடாதுதான்.

லைலைத் தனியாகப் பிடித்து, நீ சொன்னதைச் சொன்னேன். சிரிப்பான் என்றாயே, அழுதான். “நான் தலையைத் தூக்காததே அதுக்குத்தான் ஆரின். தூக்கினா என் மாமனார் அங்க உக்காந்திருப்பாரோன்னு பயமா இருக்கு. இல்லாமப் போயிட்டா அதைவிடப் பயம்.”

ஊரில் எல்லோருக்கும் அதே கதிதான். ஆளுக்கொரு குரல் அந்தப் பெஞ்சில் இருக்கிறது. எண்ணச் சொன்னால் அது போய்விடும். எனக்கும்தான்.

ஆரின்


வெஸ்ட் ஹார்லோ
அக்டோபர் 18, ஞாயிறு

வெண்டெலுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொலீன் என் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறாள். அவள் வீடு இப்போது இல்லை.

குளிர் காலத்துக்கு முதல் முறையாக அடுப்பு மூட்டியிருக்கிறாள். புகைபோக்கிக்குள் தீப் பிடித்துவிட்டது. வண்டி வந்தது, மேட்டில் பாதியிலேயே பம்பு நின்றது. ஆட்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிள்ளைகளை மாடி ஜன்னல் வழியாக இறக்கினோம். அவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. வீடு காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் சாம்பல்.

இப்போது எல்லோரும் என் மாடியில் இருக்கிறார்கள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்: “பெரியவரே, பின்வரிசைக்காரங்க யாரும் வாளி தூக்க வரலையே, கவனிச்சீங்களா?”

அடுத்த மாதம் வண்டித் தீர்மானம் மறுபடி வருகிறது. நான் எழுந்து எண்ணச் சொல்லப் போகிறேன்.

ஆரின்


ஃப்ளோரிடா
நவம்பர் 2

அருமை ஆரின்,

என் பேச்சைக் கேள், எண்ணச் சொல்லாதே. வேறு வழி இருக்கும். நன்கொடை வசூலியுங்கள், மாநிலத்தில் கேளுங்கள், நான் என் பங்கை அனுப்புகிறேன்.

சட்டம் உன் பக்கம் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு தடவை எழுந்து நிற்கச் சொல்லி, ஒருவரும் நிற்கவில்லை என்று மேடையிலிருந்து அறிவித்துவிட்டால், பிறகு அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

மறைக்காமல் சொல்கிறேன். டாக்டர் நல்ல செய்தி சொல்லவில்லை. இந்த ஊர் மணலில் எனக்கு உறக்கம் வராது ஆரின். நானும் எங்காவது போய் உட்கார வேண்டும். எனக்கு அந்தப் பெஞ்சைத் தவிர வேறு இடம் தெரியாது. நம் சிநேகிதத்துக்காகக் கேட்கிறேன்.

வெண்டெல்


வெஸ்ட் ஹார்லோ
நவம்பர் 22, ஞாயிறு

வெண்டெலுக்கு,

கொலீன் உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டால் எனக்கு மறக்காது.

ஆனாலும் எழுந்தேன். பின்வரிசை சொல்லி முடித்து, லைல் சுத்தியலை ஓங்கும்போது, “எண்ணிப் பாரு” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சரி என்பவர்களை எழச் சொன்னான். கூடம் முழுக்க எழுந்தது. உட்காரச் சொன்னான். கூடாது என்பவர்களை எழச் சொன்னான்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன வெண்டெல். பாரம் இறங்கும்போது பழைய மரம் கிறீச்சிடுமே, அந்த மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக, வரிசை முழுவதும். எழுந்து நின்றார்கள். தங்களையும் எண்ணுவார்கள் என்று நம்பி நின்றார்கள். லைல் அன்றைக்குத்தான் தலையைத் தூக்கினான். வெகுநேரம் பார்த்தான். “ஒருத்தரும் இல்ல” என்றான். பெர்லியின் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். என் இடது காதோரம் பின்னல் ஊசி இரண்டும் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது நின்றது.

வண்டி வரப் போகிறது. என் வீட்டில் மாடியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கீழே மட்டும், முன்பு இல்லாத ஒரு மௌனம்.

நீ சிநேகிதத்துக்காகக் கேட்டாய். அதற்காகவே சொல்கிறேன். உயிரோடு வா. என் படுக்கையைத் தருகிறேன், அறையைத் தருகிறேன், கூட்டத்தில் எனக்கு எதிராக வாய் கிழியக் கத்து, சாயங்காலம் உன் வண்டியை நானே தள்ளுகிறேன். ஆனால் செத்த பிறகு வந்து ‘கூடாது’ என்றாயானால், நீயாகவே இருந்தாலும் எழுந்து எண்ணச் சொல்லுவேன்.

ஆரின்


வெஸ்ட் ஹார்லோ
மார்ச் 6, 2016, ஞாயிறு

வெண்டெலுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஜனவரியில் உன் மகள்தான் போன் செய்து, நீ போய்விட்டாய் என்று சொன்னாள். என் கடிதம் உன் தலைமாட்டில் பிரித்து வைத்திருந்தது என்றாள். நீ என்ன நினைத்தாய் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாமலேயே செவ்வாய்க்கிழமை வந்தது.

கொலீன் சீட்டுத் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் போனேன். லைல், “சரிங்கிறவங்க?” என்றான். நான் ‘சரி’ என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் இனி என் குரலுக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த மார்ச்சில் கொலீன் என் பக்கத்தில் நின்று சீட்டை வாசிப்பாள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

“கூடாதுங்கிறவங்க?” லைல் தலையைத் தூக்கி, வாய்களைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முன்வரிசையில் இரண்டு மூன்று கிழங்கள் முணுமுணுத்தார்கள். பின்னால் சத்தமே இல்லை. பெர்லி இல்லை. ஹேசல் இல்லை. காதோரம் ஒன்றும் இல்லை.

அப்போது கேட்டது. ஒரு செருமல்.

எல்லோரும் லைலைப் பார்த்தார்கள். அவன் வாய் மூடியிருந்தது. அவன் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் செருமலுக்குப் பிறகு எவ்வளவு இடைவெளி வரும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று நான் கைத்தடியை ஊன்றி, பாதி எழுந்துவிட்டேன் வெண்டெல். ‘வேண்டாம், சொல்லாதே, என்னை எழவைக்காதே’ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

நீ ஒன்றும் சொல்லவில்லை.

லைல் சுத்தியலைத் தட்டினான். சீட்டு ஜெயித்தது. நான் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நடுவர் வாக்குப் போடக் கூடாது. அதை நீ மறக்கவில்லை.

இதற்குத் தபால் தலை வேண்டாம் என்று கொலீனிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு டவுன் ஹாலைப் பெருக்கத் திறப்பார்கள். பின்வரிசையில் வைத்துவிட்டு வருகிறேன்.

ஆரின்
(பெருக்கல் குறி இல்லை. இந்த முறை பெயரை அவரே எழுதினார். காலையிலிருந்து பழகினார். கொலீன்.)