கட்டுக்கு ஒரு பூ கொசுறு

அன்பு மகன் ரெமிஜியஸுக்கு,

லிங்கராஜபுரம் மூன்றாம் சந்தின் முடிசூடா மன்னனும் உன் சித்தப்பாவுமாகிய நான் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் உன் குளிர்க் கோட்டும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன், இதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று பைபிள்மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன்.

போன மாதம் நீ போனில் சொன்னாயே, கம்பெனி இங்கே இருக்கும் ரோஜாத் தோட்டத்தை மூடிவிட்டு எத்தியோப்பியாவுக்குப் போகிறது, அங்கே பேக்கிங் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க உன்னைக் கேட்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று. அதோடு வாயை மூடிக்கொண்டாய். சித்தி கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். ஹாலந்து நாடே மீட்டிங்கில் மூழ்கிவிட்டதா? உன் மனசு எனக்குத் தெரியும்டா. உன்னை வளர்த்த சித்தியின் வேலை போகிறது, அதே வேலையை வேறு தேசத்துப் பெண்களுக்கு எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது என்று குமைந்து கிடக்கிறாய்.

எனக்கோ பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. விடியற்காலம் கம்பெனி வேன் சர்ச் முனையில் ஹாரன் அடித்தால் லிங்கராஜபுரத்து நாய்களெல்லாம் எழுந்து நின்று சல்யூட் வைக்கும். பேக்கிங் ஹால் குளிருக்கு உன் சித்தி மே மாத வெயிலிலும் ஸ்வெட்டரோடு கிளம்புவாள். ஏற்றுமதி ரோஜாவுக்கு வாசனை ஏது, பச்சைத் தண்டு வாசனைதான். ஆனாலும் அவள் வந்து அடுப்படியில் நின்றால் நம் வீட்டு ரசமே தோட்டம் மாதிரி மணக்கும். அதற்கு முன் அவள் அல்சூர் மார்க்கெட்டில் முழம் போட்டுப் பூ விற்றவள், வாங்குகிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாக அளக்காவிட்டால் அவள் கை ஓயாது. அந்தக் கையோடு தோட்டத்தில் சேர்ந்து, இருபது தண்டு வைக்கவேண்டிய கட்டில் ஒரு தண்டு கொசுறு வைத்தாள், அவளைப் பார்த்து வரிசை முழுக்க வைத்தது. ஹாலந்தில் இறங்கினால் காகிதத்தில் ஒரு கணக்கு, பெட்டியில் ஒரு கணக்கு. கடத்தல் என்று நினைத்து அவர்கள் பீரங்கிகளைத் திருப்பி நிறுத்த, ராணுவம் ரோஜாவைச் சுற்றி வளைக்க, காதலர் தினத்துக்குப் பூ வராமல் ஐரோப்பாவில் லட்சம் கல்யாணங்கள் நின்றுபோயின. டச்சுத் துரை பறந்து வந்து நின்றார். சூப்பர்வைசர் காந்தா, "அய்யோ மலரக்கா, ஒந்து ஹூவு ஜாஸ்தி யாக்கே, ஒரு பூ ஏன் கூட வெச்சீங்க?" என்று நடுங்க, உன் சித்தி, "தூர தேசத்துக்காரங்க, மொத மொதல்ல வாங்கறாங்க, கொசுறு இல்லாம குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள். அப்போது பெட்டி எண்ணுகிற கிளார்க்காக இருந்த நீதான் துரைக்குக் கொசுறு என்றால் என்னவென்று இங்கிலீஷில் விளக்கினாய், அவர் சிரித்த சிரிப்பு ஒயிட்ஃபீல்டு வரை கேட்டது, மறு வருஷம் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

யோசித்துப் பார். லண்டன் கம்பெனி தங்கத்துக்குக் காசு போட்டது, என் தாத்தா குடியாத்தத்தை விட்டுக் கோலார் சுரங்கத்தில் இறங்கினார், தங்கம் கப்பல் ஏறியது. சுரங்கம் மூடியது, உன் அப்பாவும் நானும் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறி இங்கே வந்தோம். டச்சுக்காரர் ரோஜாவுக்குக் காசு போட்டார், ரோஜா விமானம் ஏறியது, பின்னாலேயே நீ ஏறினாய், இப்போது உன் நாக்குக்காக முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஏறுகின்றன. காசு போகிற இடத்துக்கு ஆள் போகிறான், ஆள் போன இடத்துக்குச் சரக்கு போகிறது, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று என் மகா மூளைக்கே எட்டவில்லை. எத்தியோப்பியாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தூரமும் வரியும் குறைவு என்றால் அதற்கு நீயா பொறுப்பு?

சரி, நம்பமுடியாத கதைக்கு வருகிறேன். போன வாரம் ஹாலில் எல்லாரையும் கூட்டி, தோட்டம் மூடுகிறது என்று சொன்னார்கள். குளிர் மிஷின் விம்மி விம்மி அழுதது, ரோஜாக்கள் ஒரே நேரத்தில் தலை கவிழ்ந்தன. காந்தா ஆத்திரத்தில், "உங்க பையனே போய் அவங்களுக்குக் கத்துக் குடுப்பானாமே" என்று குத்தினாள். உன் சித்தி மேஜைமேல் தாவி ஏறினாள். விதான சௌதா கட்டடத்தின் உயரத்துக்கு வளர்ந்தாள். "போகட்டும்டி. நான் சேந்தப்ப முள்ளு எடுக்க யாரும் சொல்லித் தரல, கையெல்லாம் கிழிஞ்சுது. அந்தப் பொண்ணுங்களுக்காவது கிழியாம இருக்கட்டும். அவன் நல்லா சொல்லித் தருவான்" என்று முழங்கினாள். கூரை பிளந்து பூமாரி பொழிந்தது, ஆறு ஜில்லாவில் மழை.

அவளுக்கு வேறு வேலை இன்னும் அமையவில்லை, அதை மறைக்கமாட்டேன். அவளும் காந்தாவும் ஹெண்ணூர்ப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் கேட்டு வைத்திருக்கிறார்கள். மாதா உன்னைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக் காக்கட்டும், கை வைத்த இடமெல்லாம் துளிர்க்கட்டும். போவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள், மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தியைக் கூப்பிடு, மீட்டிங் என்றால் உதை.

மேஜை, கூரை, பூமாரி எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. அவள் எங்கும் ஏறவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னாளாம். காந்தாவே வீட்டுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். அந்த ஹால் கதையில் உன் சித்தி சொன்ன சொல் மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஜெயராஜ்