புண்ணில் வைத்த மடு மண்

சேசு மரி சூசை துணை

பேசாலை,
1938 யூலை 12

குருமடத்தில் இருக்கும் அன்பு மகன் எட்வேட் பிறதருக்கு,

அம்மா லூசியா தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதாவின் தயவால் நானும் தங்கச்சி மாக்கிறட்டும் சுகம். அப்பாவுக்குத்தான் சுகமில்லை.

உங்களுக்குக் குருப்பட்டம் கிடைக்கும்வரை ஒவ்வொரு ஆடித் திருவிழாவுக்கும் வெறுங்காலோடு மடு மாதா கோயிலுக்கு நடப்பதாக அவர் வைத்த நேர்த்தி உங்களுக்குத் தெரியும். சலரோகம் என்று கண்டபிறகு இதுதான் முதல் நடை. மடு றோட்டு ஸ்டேசன் வரைக்கும் ரயிலில் போவோம் என்று மாக்கிறட் கெஞ்சினாள். "ரயிலிலை வாறன் எண்டோ மாதாவுக்குச் சொன்னனான்?" என்று கேட்டார். செருப்பைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் வண்டிலில் பின்னால் போனோம்.

வழியில் அவர் ஒருக்காலும் நொண்டவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. கோயிலடியில் கால் கழுவ இருந்தபோது பார்த்தால், வலது பாதத்தில் உடைமுள் ஒன்று முழுதாக ஏறி உள்ளே முறிந்து கிடக்கிறது. எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியாது. நான் அதைத் தோண்டி இழுக்கிறேன், அவரோ திருவிழாச் சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "பாத்தியே லூசியா, மாதா நோவை எடுத்துப்போட்டா" என்றார்.

இப்போது அந்த இடம் புண்ணாகி, ஓரம் வெளுத்து, நடுவில் சீழ் கட்டியிருக்கிறது. அப்போதிக்கரி ஐயா வீட்டுக்கு வந்து பார்த்தார். மாதா எடுத்த நோ இல்லையாம் இது. சலரோகத்தால் கால் மரத்துப் போயிருக்கிறதாம். சீனி கூடின உடம்பில் புண் லேசில் ஆறாது, கிருமி மேலே தெரியாமல் உள்ளே இறங்கும், உடனே மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றார். அப்பா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சீனியும் பனங்கட்டியும் என் வீட்டுக் கணக்கில் வராமல் மாதக்கணக்காகிறது. சாப்பாட்டை நான் கட்டுப்படுத்தலாம். அவருடைய பிடிவாதத்தை என்ன செய்வது? பங்குச் சுவாமி சொல்லியும் கேட்கவில்லை. உங்கள் சொல்லென்றால் தட்டமாட்டார். ஆசுப்பத்திரிக்குப் போங்கோ என்று ஒரேயொரு வரி எழுதுங்கள் பிறதர். அது போதும்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும்,
அம்மா லூசியா

*

சேசு மரி சூசை துணை

மன்னார் ஆசுப்பத்திரி,
1938 ஓகஸ்ட் 14

எட்வேட்,

இந்தக் கடிதம் குருமடத்துக்குப் போகாமல், நீ கணக்கெழுதும் கொழும்பு ஐந்தாம் குறுக்குத் தெருச் சரக்குக் கிட்டங்கிக்கு வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். கொண்டுவந்தவரைத் திட்டாதே. நம் பக்கத்து வளவுத் தோமஸ் மாமாவிடம்தான் கொடுத்துவிடுகிறேன்; அவர் போன கிழமை கருவாட்டுச் சிப்பத்தோடு கொழும்புக்கு வந்தபோது உன்னைக் காற்சட்டையோடு கண்டிருக்கிறார். தை மாதமே குருமடத்தை விட்டுவிட்டாயாம். உன் கூட்டாளி ஒருவன் உள்ளே இருந்துகொண்டு உன் கடிதங்களை இங்குமங்கும் மாற்றி அனுப்புகிறானாம். "வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ மாமா" என்று கையைப் பிடித்தாயாம். அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாது.

நீ அங்கி தரித்த நாளிலிருந்து உன்னை 'நீங்கள்' என்று எழுதிவந்தேன். பெற்ற பிள்ளையை அப்படி அழைக்க முதலில் நாக்குக் கூசியது. பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. இனிப் பழையபடி 'நீ'தான்.

குருமடத்தை விட்டதற்காக நான் உன்னைக் கடியவில்லை. தேவ அழைத்தல் எல்லோருக்கும் நிலைப்பதில்லை; அது உனக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ள காரியம். ஆனால் தை மாதத்தில் விட்டவன் வைகாசியிலாவது ஒரு சொல் எழுதியிருந்தால், ஆடியில் அந்த மனுசன் எதற்காக நடந்திருப்பார்?

அதையும் விடு. ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லு என்று உன்னிடம் ஒரு வரிதானே கேட்டேன்? நீ நாலு பக்கம் எழுதினாய். "வைத்தியரிலும் மாதா பெரியவ. மடு மண்ணை விசுவாசத்தோடை பூசுங்கோ அப்பா, நான் பூசையிலை ஒப்புக்கொடுக்கிறன்" என்று எழுதினாய். எந்தப் பூசையில், எட்வேட்? பாம்பு கடித்தவர்களுக்கு மாதா மண் உதவியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மண்ணை நான் குறை சொல்லமாட்டேன். மாதா சொல்லாததை அவ பெயரால் சொன்னது நீ. சுவாமிமார் இப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்து எழுதினாயாக்கும். அங்கி இல்லாதவனுக்குத்தான் அங்கியின் பேச்சு அதிகமாக வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை அப்பா முழங்காலில் நின்று வாசிப்பித்தார். பிறகு நாள்தோறும் செபமாலை முடிந்ததும் மடுவிலிருந்து கொண்டுவந்த மண்ணை எச்சிலில் குழைத்துப் புண்ணுக்குள் விரலால் அடைத்தார். நோ இல்லாதபடியால் ஆழமாகவே அடைத்தார். நான் கழுவப் போனால், "உனக்குத் தெரியுமோ, எங்கட பிறதருக்குத் தெரியுமோ?" என்று காலை இழுத்துக்கொள்வார். மேலே பொருக்குக் கட்டியது. ஆறுகிறது என்று பங்குச் சனமெல்லாம் வந்து பார்த்தது. உள்ளே கிருமி எலும்புவரை தின்றுகொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் வீட்டுக்குள் செத்த மீன் நாறியது. மாக்கிறட் சட்டி பானையெல்லாம் தேடினாள். நாற்றம் அவருடைய பாதத்திலிருந்து வந்தது.

குளிரும் காய்ச்சலுமாக நினைவு தடுமாறிய பிறகுதான் அவரைத் தூக்கி வண்டிலில் போட முடிந்தது. சலரோகத்துக்கு ஊசி போடுகிறார்கள். புண்ணை வெட்டித் திறந்து மண்ணையும் சீழையும் வழித்தார்கள். அப்போதும் அவருக்கு நோகவில்லை. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. சிவப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆள் பிழைக்க வழியிருக்கிறது, புதன்கிழமைக்குமேல் தாமதித்தால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்குத்தர் சொல்கிறார். ஆளின் சம்மதமில்லாமல் கத்தி வைக்கமாட்டாராம்.

அப்பா சம்மதிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் எருக்கலம்பிட்டிச் சரிபுதீன் நானா இருக்கிறார். அவருக்குப் போன வருசம் கால் எடுத்தது. "சிங்கராசாண்ணை, ஒத்தைக் காலோடை போனா உங்கட மாதா கதவைச் சாத்திப்போடுவாவோ?" என்று அவர் பகிடியாகக் கேட்டார். அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, "என்ர மகன் மண்ணைப் பூசச் சொன்னவர். வெட்டச் சொல்லி அவர் வந்து சொல்லட்டும், வெட்டுங்கோ" என்றார். பங்குச் சுவாமி வந்து தலைமாட்டில் இருந்து கெஞ்சினார். அவருக்கும் அதே பதில்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று கோயிலில் இருந்து நெடுநேரம் யோசித்தேன். சொன்னால் பிறகு ஒருவர் சொல்லையும் நம்பமாட்டார். காலோடு சேர்த்து உயிரையும் வேண்டாமென்று விட்டுவிடுவார். அவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியும்.

அவருடைய கண்ணும் மங்கிவிட்டது. இந்த வியாதி கண்ணையும் விடாதாம். முகம் பிடிபடுவதில்லை, நிறம் மட்டும் தெரிகிறது. வெள்ளை உடுத்த நேர்ஸ் கிட்டப் போனாலே, "பிறதரோ? வந்திட்டீங்களோ?" என்று எழும்பப் பார்க்கிறார். நேர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

பொய் சொல்லு என்று ஒரு தாய் எழுதக்கூடாது. நான் எழுதவில்லை. அங்கியை இரவல் வாங்காதே, அது தேவதுரோகம். உன்னிடம் வெள்ளை வேட்டியும் நீளக்கைச் சட்டையும் இருக்கும். அவற்றை உடுத்திக்கொண்டு தோமஸ் மாமாவோடு செவ்வாய்க்கிழமை இரவு ரயிலில் ஏறு. புதன் விடிய வந்து சேர்வாய். கட்டிலடிக்கு வந்து, அவர் தலையில் கையை வைத்து, "வெட்டட்டும் அப்பா" என்று சொல். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாதே. ஆசீர்வாதம் கேட்பார். கேட்டால், உன் சின்ன வயதில் நான் படிப்பித்த சிலுவை அடையாளத்தைப் போடு. அதைப் போட அங்கி தேவையில்லை. காரியம் முடிந்தபின் என் பங்கை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன். உன் பங்கை நீ பார்த்துக்கொள்.

இந்த வீட்டில் உப்புப் புளிக்கும் கணக்கு எழுதுகிறவள் நான். இதை எழுதப்போவதில்லை. ஆண்டவர் எழுதிவைப்பார்.

ஆசுப்பத்திரி வாசலில் நான் நிற்பேன். மாக்கிறட்டும் நிற்பாள், அவளுக்கும் ஒன்றும் தெரியாது. அப்பாவின் கட்டில் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பேச்செல்லாம் கேட்கும். ஆகையால் உன்னைக் கண்டதும் நான், "வாங்கோ பிறதர், அப்பா உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லுவேன். அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துவிடாதே. நிமிர்ந்து உள்ளே வா.

சலரோகம் பிள்ளைகளுக்கும் இறங்குமாம், டாக்குத்தர் சொன்னார். படுக்கப் போகுமுன் உன் உள்ளங்கால்களைத் திருப்பி வெளிச்சத்தில் பார். மாதா உன்னை வழியில் காக்கட்டும். செருப்போடு வா.

அம்மா