நான் வாசிக்காமல் விட்ட வரி

பாசமுள்ள என் பாக்கியத்தக்காவுக்கு,

நீ முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும். உன் கோமதி நன்றாக இருக்கிறாள். வயிறு நிறையக் குடித்துவிட்டு இப்போதுதான் என் மடியில் கண்ணயர்ந்தாள். பக்கத்தில் என் மகன் தன் முறைக்காகக் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறான். ஆமாம், இரண்டு பேருக்கும் பால் கொடுப்பது நான்தான். உனக்கு அதில் வருத்தம் உண்டா? இருந்தாலும் நான் கேட்கப்போவதில்லை.

அக்கா, ஒன்றைச் சொல்லாமல் என் நெஞ்சு ஆறாது. நாம் வேலை பார்த்த பருத்தி அரவை மில்லில், தராசுக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்ததே, அதை உனக்கு வாசித்துச் சொன்னது நான். உனக்கு எழுத்துத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று கொஞ்சம் மண்டைக்கனம் வேறு. பிள்ளை பெறுகிறவள் முன்னும் பின்னும் சில வாரம் வீட்டில் இருக்கலாம், சம்பளம் உண்டு, முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தேன். அதற்குள் சங்கு ஊதியது, ஓடிவிட்டோம். எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்தது.

நீ நம் வழக்கப்படி தெரிவித்தாய். ஏழாம் மாசம், வளையல் போட்ட கையோடு, தட்டில் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் வைத்துக் கணக்குப்பிள்ளையிடம் நீட்டினாய். "மகராசியா இரி" என்று அவரும் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார். கோமதி பிறந்தபின் அத்தான் உன் சம்பளத்தைக் கேட்கப் போனால், "காகிதம் எங்க? வாயால சொன்னதெல்லாம் செல்லாதுல்லா" என்று கணக்குப்பிள்ளை கையை விரித்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் நீ வேலைக்குக் கிளம்பினாய். "வீட்டுல ஒல கொதிக்கணுமே ஏட்டி" என்றாய். பச்சை உடம்போடு பருத்திக் கூடை சுமந்தாய். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. அதன்பின் நீ எழுந்திருக்கவே இல்லை. நான் கணக்குப்பிள்ளையை வைதேன், மில்லை வைதேன். என்னை வைய ஆள் இல்லை. நீயாவது கண்ணை மூடும் முன் நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

நான் கற்கண்டு கொண்டு போகவில்லை. ஒரே மாதிரி இரண்டு காகிதம் எழுதிக்கொண்டு போனேன். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்து வாங்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. உனக்கு ஒரு மாசம் கழித்து நான் பெற்றேன். பாலுக்கு அழுத கோமதியையும் அத்தான் என்னிடமே விட்டுவிட்டார். சம்பளமும் வந்தது.

போன வாரம் லீவு முடிந்தது. நான் போகவில்லை. கணக்குப்பிள்ளையே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வீட்டுல இருந்து சம்பளம் வாங்கிட்டு இப்ப வரமாட்டேன்னா என்ன நாயம்? வேலைக்கு வா, இல்லேன்னா பணத்தத் திருப்பி வை."

"அது நான் பெத்ததுக்குத் தந்தது அண்ணாச்சி. திரும்பி வருததுக்கு அச்சாரம் இல்ல. திருப்பித் தரணும்னு அந்த அறிவிப்புல எங்க இருக்கு, காட்டுங்க. இந்தத் தடவ ஒரு வரி விடாம வாசிச்சிருக்கேன்."

அவர் என் தோளில் கிடந்த கோமதியைப் பார்த்தார். யார் பிள்ளை என்று கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை எனக்குக் கசந்து போகவில்லை அக்கா. அந்த மிஷின் சத்தத்திலும் நீயும் நானும் கத்திக் கத்திக் கதை பேசுவோமே, அதை நினைத்தால் இப்போதும் கால் அந்தப் பக்கம் இழுக்கிறது. ஆனால் நான் போனால் இதுகளுக்கு யார் பால் கொடுப்பது? மற்றவர்களைப் போல அபினைத் தொட்டு நாக்கில் வைத்துத் தூங்கப் போட்டுவிட்டுப் போகவா? மாட்டேன். என் வீட்டுக்காரர் தறியில் சம்பாதிப்பது அரைவயிற்றுக்குத்தான் காணும். "இருக்குததக் குடிப்போம், நீ போவாண்டாம்" என்று அவரும் சொல்லிவிட்டார். நீ என் கூடப் பிறந்தவள் இல்லையே, ஊரான் பிள்ளைக்காக வேலையை விட்டவள் என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டுமே.

மில்லில் மாசமாக இருப்பவர்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். கற்கண்டு கொடுத்தாலும் காகிதத்தைக் கொடுக்காமல் வராதீர்கள் என்று சொல்லி எழுதிக் கொடுக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கோமதிக்கு வயசு வந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன். யார் தடுத்தாலும் சேர்ப்பேன். அவளுக்கு எதையும் என்னைப்போல் ஒருத்தி வாசித்துச் சொல்ல வேண்டியிருக்காது.

கோமதிக்கு அம்மையாகிவிட்ட
உன் தங்கச்சி வடிவு,
சங்கரன்கோவில்.