கோட்டை வாசலில் சரணடைதல்

ஓகஸ்ட் 1, வியாழன்

கொளுத்தும் வெயில். கோட்டைக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கான நாடக ஒத்திகை. தடித்த உடுப்பு, தொப்பி, மரத் துவக்கு. மரத் துவக்குக்கும் பொலிஸ் அனுமதி வேண்டுமாம். பட்டதாரிக்குக் கிடைத்த வேலை: சனிக்கிழமைகளில் போர்த்துக்கேயச் சிப்பாயாக ஒல்லாந்தரிடம் தோற்பது.

இன்று புதுக் காட்சி. கோட்டையைக் கையளித்துவிட்டு வாசலால் வெளியேற வேண்டும். இயக்குநர், கொழும்புக்காரர், "சரண்டர்!" என்று கத்தினார். துவக்கைக் கீழே வைத்தோம். முழங்காலில் இருந்தோம். கை இரண்டும் பிடரியில். எல்லோரும் ஒரே மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை. சிலருக்கு யுத்தம் முடியும்போது ஐந்து வயதும் இல்லை. எங்கே பழகினார்கள்?

"தம்பிமார், என்ன செய்றீங்க? மேளம் அடிச்சு, கொடி பிடிச்சு, நிமிர்ந்து நடந்து வரணும். மரியாதையான சரண்டர்!"

திரும்பத் திரும்ப நடந்தோம். ஒவ்வொரு தரமும் எவனாவது கையைத் தூக்கினான்.

ஒல்லாந்தத் தளபதி ரியாஸ். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு, கையில் ஒரு பையோடு இந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பம். புத்தளத்தில் பிறந்தவன். "பாத்தியா மச்சான்? வெள்ளைக்காரனுக்கு மேளம், கொடி. எங்கட வாப்பாவுக்கு ஒரு துணிப்பை."

துரத்தியது எங்கள் இயக்கத்து ஆட்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓகஸ்ட் 2, வெள்ளி

காற்று. மயிலிட்டியில் வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை.

அக்கா நாளைக்குப் பார்க்க வரப்போகிறாளாம். வேண்டாம் என்றேன்.

"ஏன்ரா, நான் வந்தா உனக்கு வெக்கமோ?"

எப்படிச் சொல்வது? அத்தான் யுத்தத்தின் கடைசி நாளில் ராணுவத்திடம் சரணடைந்தவர். போகச் சொன்னதே அக்காதான். "போங்கோ, பதிஞ்சுபோட்டு விட்டிடுவினம்." பத்து வயதில் பக்கத்தில் நின்று கேட்டேன். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். வந்த விசாரணைக் குழு எல்லாவற்றிடமும் அக்கா இதைச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒல்லாந்தன் வேடம் தரும்படி இயக்குநரைக் கேட்டேன். உடுப்பு அளவு இல்லையாம்.

ஓகஸ்ட் 3, சனி

நல்ல கூட்டம். அக்கா முன் வரிசையில், கையில் கச்சான் கடலைச் சரை. நிமிர்ந்து நடந்தோம். ஒருவனும் பிழை விடவில்லை. வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். காவலுக்கு நின்ற நிஜச் சிப்பாயும் தட்டினான். ஒலிபெருக்கி: "சரணடைந்த அனைவரும் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர்."

அக்கா நேரே இயக்குநரிடம் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"சேர், உவையள் எல்லாரும் வீட்டை போய்ச் சேர்ந்தவையோ?"

"ஓமம்மா. ஒப்பந்தம் இருந்திச்சே."

"ஒருத்தரும் காணாமல் போகேல்லையோ?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தொப்பியைப் பார்த்தேன்.

பஸ்ஸில் அக்கா சரையை மடியில் வைத்திருந்தாள். கச்சான் அப்படியே இருந்தது.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

வியர்வை நாறுகிறது என்று அக்காவே என் வேட உடுப்பைத் தோய்த்தாள். பிழிந்துகொண்டு கேட்டாள்:

"அவையின்ரை பெண்சாதிமாரையும் கூடக் கப்பலிலை ஏத்தினவையோடா?"

ஏற்றினார்கள். ஸ்கிரிப்டில் இருக்கிறது. நடிக்கப் பெண்கள் கிடைக்காததால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்.

தெரியாது என்றேன்.