பழம் தொங்கும் குடில்

பழ வாசனை யானைக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே முருகேஸ்வரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

பூமாரி அப்பாவுக்கு,

ரசம் மூடி வச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்டு செல்வியக்காகிட்ட.

உங்க ஹோம்ஸ்டேல தங்கியிருக்கிற யூதக் குடும்பம் தங்கமானவங்கதான். கூடாரப் பண்டிகைன்னு ஏழு நாளும் இலைக்கூரைக் குடில்லயே சாப்பாடு, தூக்கம், பாட்டு. விருந்தாளி வந்தா அவ்வளவு சந்தோஷம். ஆனா குடிலெல்லாம் வாழைப்பழமும் அன்னாசியுமா தொங்குதே! அது அவங்க வழக்கம், அவங்களுக்கு நம்ம காடு தெரியாது. போன வாரம் ஒரு வாழைத்தாருக்காகத்தானே யானை செல்வியக்கா சுவரச் சாய்ச்சது? நீங்க செருப்ப விட்டுட்டு ஓடுனது மறந்துபோச்சா?

அவங்க பிள்ளைகளும் அதுக்குள்ளதான் தூங்குதுக. இருட்டுறதுக்குள்ள பழத்தையெல்லாம் வீட்டுக்குள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க. அதுக்குப் பதிலாத் தொங்கவிட காகிதப் பூ வெட்டி நம்ம மேசையில வச்சிருக்கேன்.

பி.கு.: நானும் பூமாரியும் தேவிகுளத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போறோம்.

இன்னொண்ணு. அவங்க ஆசையாக் கூப்பிட்டாங்க, பூமாரிய ராத்திரி அந்தக் குடில்ல படுக்க அனுப்புன்னு சொன்னீங்க. கோவிச்சுக்காதீங்க. நான் அனுப்பல.